கடலோரத்தில் ஒரு வாடகை வீடு

கல் வியாபாரம் தெரிந்த மாவட்டம் எமது மாவட்டம். ஒரு நீலக்கல்லை வாங்குவதற்கு முன் அதை வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். இன்னும் இரண்டு பேரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து, வட்ஸ்அப்பில் வந்த நான்கு படங்களை மட்டும் நம்பி, பன்னிரண்டு பேருக்கு இரண்டு இரவுகளுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்ட குடும்பம் எங்களுடையது.

படத்தில் கடல் நீலமாக இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கலங்கிக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கரையில் சிவப்புக் கொடி. மாதம் ஓகஸ்ட், கரையோ தென்மேற்குக் கரை. "கடலுக்கு ஐந்து நிமிடம்" என்று சொன்னவர், அது முச்சக்கர வண்டியில் ஐந்து நிமிடம் என்பதைச் சொல்லவில்லை. நடந்து போனால் ரயில் பாதையைக் கடந்து, அதன் பின் காலி வீதியையும் கடக்க வேண்டும். படுக்கை அறைகள் மூன்றும் மேல்மாடியில். மூட்டு வலியுள்ள உம்மும்மா இரண்டு இரவும் கீழே சோபாவில் சாய்ந்தபடி கழித்தார். முதலாம் இரவே காஸ் முடிந்தது. உம்மாவும் சாச்சியும் சமைத்தார்கள், சட்டி பானை கழுவினார்கள், மறுபடி சமைத்தார்கள். அந்த இரண்டு நாட்களிலும் உம்மா கடற்கரையில் நின்ற நேரம் ஒரு மணித்தியாலம்கூட இராது.

திரும்பி வரும்போது, இங்கிரியவைத் தாண்டியதும் வாப்பா, "எல்லாருக்கும் சந்தோஷந்தானே?" என்று கேட்டார். சிறுவர்கள் கத்தினார்கள். உம்மா மட்டும், "அடுத்த முறை வீடு கேக்கிற வேலைய எனக்குத் தாங்க" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த விசாரிப்புகளையும், புவியியல் பாடத்தில் படித்தவற்றில் இதற்கு உதவியவற்றையும் இங்கே எழுதுகிறேன். விடுமுறைக்குக் கடற்கரை போக நினைக்கும் தோழியரும், பணம் கட்டப்போகும் பெற்றோரும் சேர்ந்து வாசித்தால் நல்லது. ஏனென்றால் எந்த வீட்டை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே, வீட்டில் யாருக்கு விடுமுறை கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது தீர்மானமாகிறது.

வீட்டைப் பார்க்கும் முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையைச் சுற்றியுள்ள கடல் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அமைதியாக இருப்பதில்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரியை மூழ்கடித்த மழையைக் கொண்டுவந்தது இந்தப் பருவந்தான். அதே காற்று பேருவளை, ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம என்று அந்தக் கரை முழுவதையும் கொந்தளிக்க வைக்கிறது. எமது குரு கங்கை களு கங்கையில் கலந்து களுத்துறையில் கடலைச் சேர்கிறது. ஆகவே இங்கே ஆறு கலங்கிப் பெருகும் நாட்களில் அங்கே கடலும் குளிப்பதற்கு ஏற்றதல்ல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாதங்களில் மலைக்கு மறுபக்கத்தில், திருகோணமலையின் நிலாவெளி, மட்டக்களப்பின் பாசிக்குடா, அம்பாறையின் பொத்துவில், அறுகம் குடா ஆகிய இடங்களில் வானம் வெளுத்திருக்கும்.

டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. அப்போது நிலைமை தலைகீழ்: கிழக்கில் மழையும் கொந்தளிப்பும், தென்மேற்கில் தெளிந்த கடல். மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரண்டு காற்றுகளுக்கும் இடைப்பட்டவை. மாலையில் இடி மழை பெய்தாலும் காலையில் இரு பக்கக் கடலும் பெரும்பாலும் சாதுவாக இருக்கும்.

முஸ்லிம் பாடசாலை மாணவியருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. எமது தவணை அட்டவணை நோன்பையும் கணக்கில் எடுத்தே அமைகிறது. நோன்போ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்கிறது. 2013இல் நோன்புப் பெருநாள் ஓகஸ்டில் வந்தது. அந்த வருடம் பெருநாளுக்குப் பின் பயணம் போனவர்களுக்குக் கிழக்குக் கரைதான் பொருத்தம். 2026இல் பெருநாள் மார்ச் மாதத்தில். 2030இலோ ஜனவரியில் ஒரு நோன்பு, டிசம்பர் கடைசியில் இன்னொரு நோன்பு தொடங்கும். "ராத்தாமார் போன வீடு நல்ல வீடு, அதையே எடுப்போம்" என்று சொல்லும்போது, அவர்கள் எந்த மாதத்தில் போனார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெருநாள்தான் நகர்ந்துவிட்டது.

எங்கள் அடுத்த பயணமும் ஓகஸ்டில்தான் அமைந்தது. ஆகவே கிழக்கு. வரைபடத்தை விரித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்த விடயம், எமது ஊருக்குள்ளால் போகும் ஏ4 வீதியே பொத்துவில் வரை போகிறது என்பது. கொழும்பில் தொடங்கி, அவிசாவளை, குருவிட்ட, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் என்று போய், கல்முனை வழியாக மட்டக்களப்பில் முடிகிறது. இருநூறு கிலோமீற்றருக்கு மேல், வேனில் ஆறு மணித்தியாலமாவது எடுக்கும். இவ்வளவு தூரத்துக்கு ஒரு இரவு தங்குவது வீண் செலவு. போன களைப்புத் தீருமுன் வந்த வழியே திரும்ப வேண்டிவரும். மூன்று இரவு முடியாவிட்டால் இரண்டு இரவாவது வேண்டும். அல்லது பணத்தைச் சேர்த்து வைத்து, வேறு பருவத்தில் பக்கத்திலுள்ள பேருவளைக்கே போகலாம்.

வழியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். சியம்பலாண்டுவவைக் கடந்தபின் வீதி லாகுகலையூடாகச் செல்கிறது. அது யானைகளின் இடம். மஃரிபுக்கு முன்னரே பொத்துவிலை அடையும்படி புறப்பட வேண்டும். மற்றது மலைப் பகுதி. பெரகலைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் கொஸ்லாந்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி அங்கே மீரியபெத்தை தோட்டத்தின் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் வாழும் எமக்கு அது வெறும் செய்தியல்ல. ஒக்டோபருக்குப் பின் மழைக்காலத்தில் அவ்வழியே போக வேண்டி வந்தால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே போக வேண்டும். அதனால்தான் வீட்டுக்காரரிடம் முதலிலேயே, "பாதை மூடப்பட்டால் முற்பணத்தை என்ன செய்வீர்கள்? வேறு திகதிக்கு மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு, அவருடைய பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

இனி வீடு. உம்மா வீட்டுக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி, "கடலுக்கு எவ்வளவு தூரம்?" என்பதல்ல, "சுபஹுக்குப் பிறகு பொம்புளைகள் தனியா நடந்து போகலாமா?" என்பது. எனக்கு அப்போது அது விசித்திரமாகப் பட்டது. பின்னர்தான் விளங்கியது. மேற்குக் கரையில் சூரியன் கடலில் மறைகிறது. ஆகவே பின்னேரத்தில்தான் கரை நிறைய ஆட்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. விடியற்காலையில் கரையில் படகு இழுக்கும் மீனவர்களைத் தவிரப் பெரிதாக யாரும் இருக்க மாட்டார்கள். ஆட்கள் பார்ப்பார்களே என்ற கூச்சமின்றி உம்மாமார் கடலில் கால் நனைக்கக் கிடைக்கும் நேரம் அதுதான். மணலும் அப்போது சுடாது. ஆனால் வீடு நடை தூரத்தில் இருந்தால்தான் அந்த ஒரு மணித்தியாலம் கைக்கு வரும். வேன் சாரதியை எழுப்பிக் கூட்டிப்போக வேண்டிய தூரத்தில் இருந்தால், எந்த உம்மாவும் "பரவாயில்ல, நீங்க போங்க" என்றுதான் சொல்வார்.

இடத்தைக் கூகுள் வரைபடத்தில் செய்மதிப் படமாகப் பார்க்கலாம். வீட்டிலிருந்து கரைக்குப் போகும் ஒழுங்கையை விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். இடையில் பெரிய வீதி, ஓடை, இன்னொருவரின் வேலி, ஹோட்டல் மதில் எதுவும் இருக்கிறதா என்பது தெரியும். அறுகம் குடாவின் உல்லைப் பகுதி உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்கு விளையாட வருபவர்களின் இடம். ஓகஸ்டில் வாடகையும் கூடும், சில இடங்களில் இரவிரவாகப் பாட்டுச் சத்தமும் இருக்கும். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போவோருக்கு, அதிலிருந்து சற்று விலகி, பொத்துவில் பக்கமாகக் குடும்பங்கள் வாழும் தெருவில் ஒரு வீடு கிடைத்தால் நிம்மதி. பொத்துவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும், தமிழ் பேசும் ஊர். பள்ளிவாசலையும் ஹலால் உணவையும் தேடி அலைய வேண்டியதில்லை.

அதே வரைபடத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கடலுக்குப் போகும் வழி போல, கடலிலிருந்து ஓடும் வழி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பாடசாலை விடுமுறைக் காலம். அன்று நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். விடுமுறைக்கு வந்து தங்கியிருந்தவர்களும் அவர்களில் அடங்குவர். ஹிக்கடுவவுக்கு அருகே பெரேலியவில், முதல் அலை வந்து போனபின் நின்ற ரயிலுக்குள் ஏறித் தப்பலாம் என்று நினைத்தவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. இதைப் பயமுறுத்த எழுதவில்லை. போய் இறங்கிய அன்றே, கரையோரத்தில் நாட்டப்பட்டுள்ள சுனாமி வெளியேறும் வழிப் பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட ஐந்து நிமிடம் போதும். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, பை எடுக்கவும் படம் எடுக்கவும் நிற்காமல் உள்நாட்டுப் பக்கமாக மேட்டுக்குப் போக வேண்டும். ஒரு அலை வந்து போனதும் கீழே இறங்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990.

அடுத்து, எமது ஊரார் கேட்கவே மாட்டாத ஒரு கேள்வி: தண்ணீர். திரும்பிய பக்கமெல்லாம் ஊற்றும் ஓடையும் இருக்கும் குருவிட்டையில் பிறந்தவர்களுக்கு, தண்ணீர் இருக்குமா என்று கேட்கத் தோன்றாது. கிழக்கு, உலர் வலயம். ஓகஸ்ட் அங்கே வரட்சிக் காலம். கடலோரக் கிணறுகளில் தண்ணீர் சவராகவும் இருக்கலாம். பன்னிரண்டு பேர், கடலில் குளித்து வந்து உப்புக் கழுவ வேண்டும், வுழு எடுக்க வேண்டும், சமைக்க வேண்டும். ஆளுக்கு 60 லீற்றர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு 720 லீற்றர். வீட்டின் தாங்கி 500 லீற்றர் என்றால், அதை நாளுக்கு எத்தனை தடவை நிரப்புவார்கள்? குடிக்கும் தண்ணீர் தனியாகத் தருவார்களா? வெளியில் ஒரு குழாய் இருக்கிறதா? இல்லாவிட்டால் அவ்வளவு மணலும் குளியலறைக்குள் போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும்.

மலசலகூடம் கீழ்த்தட்டில் இருக்கிறதா, இருக்கை வைத்ததா என்பதை உம்மும்மாவுக்காகக் கேட்டோம். நுளம்புவலை, மின்விசிறி, கதவுகளுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் ஆகியவற்றையும் கேட்டோம். பக்கத்து மாடியிலிருந்து முற்றம் தெரியுமா என்பதையும் கேட்டோம். முந்திய பயணத்தில் ஒரு சின்ன நீச்சல் தடாகம் இருந்தது. அதற்காகவே கூடுதலாகப் பணமும் கொடுத்தோம். மூன்று பக்கமும் ஹோட்டல் ஜன்னல்கள். பெண்கள் ஒருவரும் அதில் இறங்கவில்லை.

குசினியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "முழுமையான சமையலறை வசதி உண்டு" என்று விளம்பரத்தில் போட்டால் வாப்பாமாருக்குப் பெரிய சந்தோஷம், செலவு மிச்சம் என்று. மிச்சமாகும் அந்தப் பணத்தை உழைப்பாகக் கொடுப்பது யார் என்று பாருங்கள். காலைக்கு ரொட்டியும் சம்பலும், பகலுக்குச் சோறும் மீனும், பின்னேரத்துக்குத் தேநீரும் ஏதாவது பொரியலும், இரவுக்கு மறுபடி. தன் அடுப்பில் செய்தால் கைப்பழக்கத்தில் முடியும் வேலை, தெரியாத அடுப்பில், மொட்டைக் கத்தியில், மூடியில்லாத சட்டியில் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். உம்மா ஒரு எளிய கணக்குப் போட்டார். காலைச் சாப்பாட்டை மட்டும் நாங்கள் செய்வது. பகல் சாப்பாட்டை வீட்டுக்காரரின் மனைவியோ அயலில் உள்ள ஒரு பெண்ணோ ஆளுக்கு இவ்வளவு என்று சமைத்துத் தருவாரா என்று கேட்பது. இரவுக்குக் கடையில் வாங்குவது. அந்தச் செலவு கூடும் என்று வாப்பா முகம் சுளித்தபோது, சாச்சா, "அப்படியெண்டா ஒரு நாள் நானும் நானாவும் சமைப்பம்" என்றார். வாப்பா உடனே சாப்பாட்டை விலைக்கு வாங்கச் சம்மதித்தார்.

இருந்தாலும் குசினி இருக்கத்தான் வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச, உம்மும்மாவுக்குக் கஞ்சி வைக்க, நினைத்த நேரம் ஒரு பிளேன்டீ போட அது தேவை. கேட்க வேண்டியவை: சிலிண்டர் நிரப்பி இருக்குமா, முடிந்தால் யார் மாற்றுவார், குளிர்சாதனப் பெட்டி வேலை செய்கிறதா. சட்டி பானை வேறு வகையான சமையலுக்கும் பாவிக்கப்பட்டிருக்கலாம் என்று தயங்குபவர்கள், ஒரு சோற்றுப் பானை, ஒரு சட்டி, ஒரு நல்ல கத்தி ஆகியவற்றை வேனின் பின் இருக்கைக்கடியில் போட்டுக்கொண்டு போவதே சுலபம்.

பணம் கட்டும் விடயத்தில் அவசரம் வேண்டாம். அழகான வீட்டின் படங்களை வேறு எங்கிருந்தோ எடுத்து, பேஸ்புக்கில் போலிப் பக்கம் திறந்து, முற்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். சந்தை விலையை விட மிகக் குறைவாக, "இன்றே கட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால் விலகிவிடுங்கள். வீட்டுக்காரரிடம் காணொளி அழைப்பில் வாசலிலிருந்து குசினி வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் காட்டுவார். படங்கள் அழகாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது, கல்லுக்கு வெயில் போல வீட்டுக்கு இந்த நடை. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, ஹோட்டல்களை மட்டுமன்றி வாடகை வீடுகள், பங்களாக்கள், வீட்டோடு தங்குமிடங்கள் ஆகியவற்றையும் பதிவு செய்கிறது. பதிவிலக்கம் இருந்தால் கேட்டு வாங்கலாம். முறைப்பாட்டுக்கு 1912 என்ற இலக்கம் இருக்கிறது. பதிவு இல்லாத எல்லா வீடும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஊரிலுள்ள எத்தனையோ நல்ல குடும்பங்கள் பதிவில்லாமல் வீடு கொடுக்கின்றன. அப்போது அந்த ஊரில் தெரிந்த ஒருவரை, ஒரு ஆசிரியையை, திருமண உறவை விசாரிக்கச் சொல்வது எமக்குப் பழக்கமான வழி. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காமல், ஒரு பகுதியை வங்கிக் கணக்கில் இட்டு, மிகுதியை வீட்டைப் பார்த்தபின் கொடுக்கலாம்.

வாடகையை இரவுக் கணக்கில் பார்த்தால் பயம் வரும். தலைக் கணக்கில் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, இரவுக்கு 30,000 ரூபாய் என்ற முழு வீட்டில் பன்னிரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு 2,500 ரூபாய். ஆனால் "பன்னிரண்டு பேர் தங்கலாம்" என்பதில் எத்தனை பேர் கட்டிலில், எத்தனை பேர் பாயில் என்பதையும் கேளுங்கள். மின்சாரம், ஏ.சி., சுத்தம் செய்யும் கட்டணம் தனியா என்பதையும் கேளுங்கள்.

குளிக்கும் இடம் வீட்டோடு சேர்ந்த விடயமா என்று கேட்கலாம். சேர்ந்ததுதான். போபத் எல்லையில் வழுக்குப் பாறையும் ஆழமும் எங்கே என்பது எமக்குத் தெரியும். வெளியூரார் அங்கே ஆபத்தில் சிக்குவது அது தெரியாததால். கடலில் நாங்கள்தான் வெளியூரார். அலைகள் உடைந்து வரும் கரையில், நடுவே ஒரு துண்டு மட்டும் அலை உடையாமல், சற்றுக் கறுத்து, அமைதியாகத் தெரிந்தால், அது நல்ல இடம் என்று எண்ணிவிடக் கூடாது. கரைக்கு வந்த தண்ணீர் பெரும்பாலும் அவ்வழியாகவே கடலுக்குத் திரும்பி ஓடும். ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அகப்பட்டவர் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுவையிலிருந்து வெளிவரலாம். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். நீண்ட அபாயாவும் ஷோலும் நனைந்தால் பாரமாகிவிடும். ஆகவே உடைக்கேற்ப முழங்கால் ஆழத்தோடு நிற்பது புத்தி. நீந்த விரும்பும் சகோதரிகளுக்கு உடலை மறைக்கும் நீச்சல் உடைகள் இப்போது கிடைக்கின்றன. சிறு பிள்ளைகள் அதிகமாக இருக்கும் குடும்பங்களுக்கு, பவளப்பாறையால் காக்கப்பட்டு நெடுந்தூரம் ஆழமில்லாமல் கிடக்கும் பாசிக்குடா, அறுகம் குடாவை விட ஏற்றது. எங்கு போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே குளிப்பார்கள்?"

பொத்துவிலில் எமக்குக் கிடைத்த வீடு படத்துக்கு அவ்வளவு எடுப்பானதல்ல. பச்சைச் சுவர், தகரக் கூரைத் தாழ்வாரம், முற்றத்தில் இரண்டு தென்னை. கீழே இரண்டு அறைகள், வெளியே ஒரு குழாய். ஒரு நாள் பகல் மின்சாரம் போய் எல்லோரும் வியர்த்துக் குளித்தோம். வாப்பாவுக்குக் கட்டில் குட்டையாக இருந்ததாம்.

இரண்டாம் நாள் சுபஹுக்குப் பிறகு உம்மா, சாச்சி, நான், தங்கை, உம்மும்மா ஐந்து பேரும் ஒழுங்கையால் நடந்து போனோம். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றை நானும் தங்கையும் தூக்கிக்கொண்டு போய் ஈர மணலில் வைத்தோம். உம்மும்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் அமர்ந்தார். அலை வந்து கணுக்காலைத் தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக நீட்டினார்.

"என்ன புள்ள, இந்தத் தண்ணி சூடா இரிக்கி?" என்றார். குரு கங்கையின் குளிரிலேயே எழுபது வருடம் கால் கழுவியவர்.

சூரியன் முழுவதாக எழும்பியபோது உம்மாவின் தொலைபேசி அடித்தது. வாப்பா. பிளேன்டீ எங்கே என்று கேட்கிறார்.

"பிளாஸ்க்குல இரிக்கி" என்று சொல்லிவிட்டு, உம்மா தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினார்.